பொன்பூச்சு நகையைப் பேணும் முறை

அணிகலன் அணிந்து மகிழ்தல் மக்களின் இயல்பு. செல்வர், வறியோர் என்னும் வேறுபாடு இவ்விருப்பத்தில் இல்லை. ஆயினும், பொன் வாங்கும் ஆற்றல் எல்லோர்க்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஒரு பவுன் என்பது எட்டுக் கிராம் எடையுள்ள பொன். அவ்வெட்டுக் கிராமைப் பெறுவதற்குக் கூலி வேலை செய்வோர் பல திங்கள் உழைத்த ஊதியத்தை ஒன்றுசேர்க்க வேண்டியுள்ளது. ஆதலால், பொன்னின் தோற்றத்தைச் சிறு விலையில் தரும் பூச்சு நகைகள் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் இடம்பெற்றுள்ளன. விலை குறைந்த பொருளாயினும், ஒரு குடும்பத்துப் பெண்ணின் பெட்டியில் உள்ள ஒரே அணி அதுவாக இருத்தல் கூடும். அதனைப் பேணும் முறை அறியாமையால், துலக்குவதாக எண்ணி ஒரே நாளில் கெடுத்துவிடுவோர் பலர். அம்முறையையும், அதற்கு அடிப்படையான காரணங்களையும் அறிந்துகொள்ளுதல் பயன் தருவதாகும்.

கடலூர் மாவட்டத்தில், பண்ணுருட்டியிலிருந்து வடலூர் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்வேலி நகரியத்திற்கு அருகே அமைந்துள்ளது காடாம்புலியூர். செம்மண் நிறைந்த இப்பகுதியில் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் மிகுதி. முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிலில் பெண்கள் பெருந்தொகையினராக ஈடுபட்டுள்ளனர். திருமணம், திருவிழா, தைப்பூச நாளில் வடலூர்ச் சோதி தரிசனம் ஆகியவற்றிற்குச் செல்லும்போது இத்தகைய உழைப்பாளர் குடும்பங்களில் பெரும்பாலும் வெளிவருவது பூச்சு நகையே ஆகும்.

இந்நகைக்குப் பல பெயர்கள் உண்டு. முற்காலத்தில் ‘கில்ட்டு நகை’ என்றனர். இன்று ‘கவரிங் நகை’ என்னும் பெயரே பெருவழக்காக உள்ளது. கவரிங் என்பது மூடுதல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். செம்பு, பித்தளை போன்ற உலோகத்தின்மீது பொன்னை மூடியமைத்தலால் இப்பெயர் வந்தது. இத்தொழிலுக்குத் தமிழ்நாட்டில் பெயர் பெற்ற நகரம், அதே கடலூர் மாவட்டத்திலுள்ள சிதம்பரம். பொன் வேய்ந்த அம்பலத்தால் புகழ் பெற்ற அந்நகரம், செம்பின்மேல் பொன் வேயும் இச்சிறு தொழிலாலும் அறியப்படுவது வியப்பிற்குரிய ஒற்றுமை. ஆந்திர நாட்டில் மசூலிப்பட்டினத்தை அடுத்த சிலகலபூடியும் ‘ரோல்டு கோல்டு’ நகைக்குப் பெயர் பெற்றது.

உலோகத்தின்மேல் பொன்னை ஏற்றும் கலை மிகப் பழைமையானது. பொன்னை மெல்லிய தகடாக அடித்து, வேறோர் உலோகத்தின்மேல் சுற்றிப் பொருத்துவது ஒரு முறை. பொன்னைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, பின்னர்த் தீயில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குதல் மற்றொரு முறை. அவ்வாவி கொடிய நஞ்சாதலின், அத்தொழில் செய்தோர் நோயுற்று வருந்தினர். 1800-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா மின்கலத்தைக் கண்டறிந்து அறிவித்தார். ஐந்தாண்டுகளுக்குள், 1805-இல், அவர் நாட்டினரான புருக்னட்டெல்லி என்பவர் மின்னோட்டத்தின் துணையால் வெள்ளிப் பதக்கங்களின்மேல் பொன்னைப் படியச் செய்தார். 1840-இல் இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் நகரத்தைச் சேர்ந்த எல்கிங்டன் குடும்பத்தினர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்று, அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தனர். இன்று விற்கப்படும் கவரிங் நகைகளில் பெரும்பாலானவை இம்மின்முலாம் பூசும் முறையினாலேயே ஆக்கப்படுகின்றன.

மின்முலாம் பூசும் முறை எளிதில் விளங்கத் தக்கது. பொன்னின் உப்பு கரைந்த நீர்மத்தில் செம்பு நகையைத் தொங்கவிடுவர். மின்கலத்தின் எதிர்முனையை அந்நகையோடு இணைப்பர். மின்சாரம் பாயும்போது, நீர்மத்தில் கரைந்துள்ள பொன் நகையின்மேல் சிறிது சிறிதாக வந்து படியும். அந்நீர்மத்தில் பெரும்பாலும் சயனைடு என்னும் கொடிய நஞ்சு கலந்திருத்தலால், இது பயிற்சி பெற்றோர் தக்க பாதுகாப்புடன் செய்ய வேண்டிய தொழிலாகும்; வீட்டில் செய்து பார்க்கத் தக்கதன்று.

இங்ஙனம் படியும் பொன்னின் கனம் எவ்வளவு? மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். மனிதரின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் கனமுடையது. விலை குறைந்த நகைகளின் பொன்பூச்சோ பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆகவே, மயிரிழையின் எழுபதில் ஒரு பங்குகூட இல்லாத படலமே அந்நகையின் அழகு முழுவதையும் தாங்கி நிற்கிறது. இவ்வோர் உண்மையை மனத்தில் கொண்டால், பூச்சு நகையை எவ்வாறு துலக்க வேண்டும், எவ்வாறு துலக்கலாகாது என்பவை யாவும் தாமே விளங்கும்.

இனி, நகை மங்குவதற்குரிய காரணத்தை ஆராய்வோம். தூய பொன் காற்றாலும் நீராலும் மாறுதல் அடைவதில்லை. ஆனால், மெல்லிய பொன்பூச்சில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் பல இருக்கும். அத்துளைகளின் வழியே வியர்வையும் ஈரக்காற்றும் உட்புகுந்து செம்பை அடைகின்றன. செம்பு காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கருமை அடைகிறது; வியர்வையிலுள்ள உப்போடு கூடிப் பச்சைக் களிம்பாகிறது; கந்தகம் கலந்த வாயுக்களோடு கூடியும் கறுக்கிறது. இவையேயன்றி, நாள் செல்லச் செல்லச் செம்பின் அணுக்களே பொன்படலத்தினூடே ஊர்ந்து மேலே வருதலும் உண்டு. மங்கிய நகையில் நிறம் மாறியது பொன் அன்று. பொன்னுக்கு அடியிலிருந்து வெளிப்பட்ட செம்பே ஆகும்.

வாழும் இடமும் செய்யும் தொழிலும் இம்மாற்றத்தை விரைவுபடுத்தும். வெயிலில் உழைப்போருக்கு வியர்வை மிகுதி. அவ்வியர்வையில் உப்பும் மிகுதி. கடற்கரையை அடுத்த ஊர்களில் காற்றிலும் உப்பு கலந்துள்ளது. நிலக்கரி எரியும் இடங்களிலும், கழிவுப் பொருள்கள் அழுகும் இடங்களிலும் கந்தகம் சேர்ந்த வாயுக்கள் சிறிதளவு காற்றில் கலக்கும். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும் தன்மையது. அதன் பொருட்டே கொட்டை உடைப்போர் கைகளில் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொள்கின்றனர். அவ்வெண்ணெய் வளையலிலும் மோதிரத்திலும் பட்டால் கரிய பசையாக ஒட்டிக்கொள்ளும். வேலைக்குச் செல்லும்முன் நகையைக் கழற்றி வைத்தல் கைக்கும் நல்லது, நகைக்கும் நல்லது.

மங்கிய நகை அனைத்தும் ஒரே குறையுடையன அல்ல. அக்குறை மூன்று வகைப்படும். முதலாவது அழுக்கு. எண்ணெய், மஞ்சள், முகப்பூச்சு மாவு, தூசி ஆகியவை படிதலால் உண்டாவது இது. இரண்டாவது களிம்பு. உள்ளிருக்கும் செம்பு மாறுபட்டு மேலே படர்தலால் தோன்றும் கறுப்பும் பச்சையும் இவ்வகை. மூன்றாவது தேய்வு. பொன்பூச்சே உராய்ந்து நீங்கிவிட்ட நிலை இது. சங்கிலியின் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்திலும், வளையலின் உட்புறத்திலும் இத்தேய்வு முதலில் தோன்றும். அழுக்கை நீக்கலாம். களிம்பைக் குறைக்கலாம். தேய்ந்துபோன பொன்னை எந்தத் தூளும் எந்தப் புளியும் மீண்டும் வரவழைக்க இயலாது. நகையைக் கையில் எடுத்தவுடன், அக்குறை இம்மூன்றனுள் எது என்று காணுதலே முதல் வேலை.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் தீங்கை விளக்க, காடாம்புலியூர் போன்ற ஓர் ஊரில் நிகழக்கூடிய நிகழ்ச்சி ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தைப்பூசத்திற்கு முதல் நாள். தாய் தோப்பு வேலைக்குச் சென்றிருக்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் பெட்டியைத் திறந்து, தாயின் கவரிங் கம்மல்களை எடுக்கிறாள். அவை ஒளி குன்றிக் காணப்படுகின்றன. முதல் நாள் பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் தேய்த்தபோது அது பளபளத்ததை அவள் கண்டவள். ஆகவே, ஒரு கம்மலில் புளியும் உப்பும் தடவித் தேங்காய் நாரால் தேய்க்கிறாள். உடனே அது மின்னுகிறது. மகிழ்ச்சியோடு மற்றொன்றை எடுக்கும்போது பாட்டி அதனைக் கண்டு அருகில் வருகிறாள்.

“ஆயா, பார்த்தீர்களா? புதிதுபோல் ஆகிவிட்டது!” என்கிறாள் சிறுமி.

பாட்டி அதனை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். “மின்னுகிறது, கண்ணு. ஆனால், எந்த நிறத்தில் மின்னுகிறது? தேய்க்காத கம்மலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்” என்கிறாள்.

சிறுமி இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கிறாள். தேய்க்காத கம்மல் மங்கியதாயினும் மஞ்சள் நிறம் உடையது. தேய்த்த கம்மலோ சிவந்திருக்கிறது. அவள் முகம் வாடுகிறது.

“குடம் முழுவதும் பித்தளை. ஆயிரம் முறை தேய்த்தாலும் உள்ளே பித்தளைதான் இருக்கும். இதற்கோ மேலே பொன்; உள்ளே செம்பு. நீ துலக்கியது செம்பை, அம்மா” என்று பாட்டி அமைதியாகக் கூறுகிறாள்.

பாட்டியின் சொல் இரசாயன நூலின் உண்மையே ஆகும். புளியில் டார்ட்டாரிக் அமிலமும், எலுமிச்சம்பழத்தில் சிட்ரிக் அமிலமும் உள்ளன. இவை செம்பின்மேல் படிந்த கறுப்பைக் கரைத்துவிடுகின்றன. அடியிலுள்ள புதிய உலோகம் வெளிப்பட்டு ஒளிர்கிறது. முழுவதும் ஒரே உலோகத்தால் ஆன பாத்திரத்திற்கு இதனால் பெருங்கேடு இல்லை. பூச்சு நகையிலோ அமிலம் நுண்துளை வழியே உட்சென்று செம்பை அரிக்கிறது. பிடிப்பு நீங்கிய பொன்படலம் நாரின் உராய்வால் பெயர்ந்து விழுகிறது. வெளிப்பட்ட செம்பு சில நாளிலேயே முன்னிலும் கருமையாக மங்கிவிடுகிறது. உடனடியான பளபளப்பு நன்மையின் அடையாளமன்று என்பதை இதனால் அறியலாம்.

பூச்சு நகையைத் துலக்கும் நன்முறை மிக எளியது. இளஞ்சூடான நீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதில் மென்மையான சவர்க்காரத்தைச் சிறிதளவு கரைத்தல் வேண்டும். பூந்திக்கொட்டை ஊறிய நீரும் இதற்கு உகந்தது; பொற்கொல்லர்கள் நெடுங்காலமாக நகை கழுவப் பயன்படுத்தி வந்த பொருள் அது. அதிலுள்ள நுரைக்கும் தன்மை எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்தெடுக்கும். அந்நீரில் நகையைச் சிறிது நேரமே நனைத்து, மெல்லிய பருத்தித் துணியாலோ விரல் நுனியாலோ தடவிக் கழுவ வேண்டும். வேலைப்பாட்டின் இடுக்குகளில் உள்ள அழுக்கை மிக மென்மையான தூரிகையால் மெதுவாக நீக்கலாம். பின்னர், தூய நீரில் அலசிச் சவர்க்காரம் முழுவதையும் போக்க வேண்டும். உடனே துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். ஈரம் எஞ்சி நின்றால், துலக்கிய பயன் முழுவதும் வீணாகும். புதிய களிம்பு அங்கிருந்தே தொடங்கும்.

கல் பதித்த நகைக்குத் தனிக் கருத்து வேண்டும். சிறு விலை நகைகளில் கற்கள் பெரும்பாலும் பசையால் ஒட்டப்படுகின்றன. கண்ணாடிக் கல்லின் பின்புறம் ஒளி தருவதற்காக மெல்லிய தகடோ பூச்சோ வைப்பதும் உண்டு. நீரில் ஊறினால் பசை இளகும். பின்பூச்சு கறுத்துக் கல் ஒளியிழக்கும். ஆகவே, அத்தகைய நகையை நீரில் இடாமல், சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுதல் வேண்டும். முத்துப் போன்ற பூச்சுடைய மணிகளுக்கும் இதுவே முறை.

விலக்க வேண்டிய பொருள்களும் சில உள. சாம்பல், செங்கல் தூள், பல்பொடி, பற்பசை ஆகியவற்றில் நுண்ணிய துகள்கள் உள்ளன. அவை பொன்பூச்சை அராவி எடுக்கும். புளி, எலுமிச்சை, காடி ஆகியவை அரிக்கும். நகப்பூச்சை நீக்கும் நீர்மம் நகையின் மேலுள்ள காப்புப் பூச்சைக் கரைத்துவிடும். கொதிநீர் பசையை இளக்கும்.

வெள்ளிக் கொலுசின் தன்மை இதனின் வேறானது. காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி கூடுவதால் அது கறுக்கிறது. ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் கொலுசு படும்படி வைத்து, சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால், கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்தை நாடும். வெள்ளி தன் பழைய நிறத்தை அடையும். இது கல் பதியாத வெள்ளிக்கு உரிய முறையேயன்றிப் பொன்பூச்சு நகைக்கு உரியதன்று. ஒரு பொருளுக்கு மருந்தாவது மற்றொன்றுக்குக் கேடாகலாம்.

நகையின் நலத்தோடு உடலின் நலத்தையும் கருதுதல் வேண்டும். கழுத்திலும் விரலிலும் சிலருக்குப் பச்சை நிறம் படிவது செம்பின் களிம்பால் ஆகும். சவர்க்காரமிட்டுக் கழுவினால் அது நீங்கும். ஆயினும், களிம்பு வாயிற் சென்றால் நஞ்சாதலின், சிறு குழந்தைகள் அத்தகைய நகையைச் சுவைக்க விடலாகாது. பூச்சு நகைகள் சிலவற்றில் நிக்கல் என்னும் உலோகமும் இருக்கும். அது சிலருடைய தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். இத்தகையோர் அந்நகையை அணியாமல் விடுவதே தக்கது. காதில் புதிதாகத் துளையிட்ட சிறுமியருக்கு நிக்கல் கலந்த அணியை இடுதல் நன்றன்று. அவ்வொவ்வாமை ஒருமுறை தோன்றினால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் தொடரும்.

துலக்குவதினும் காத்தல் சிறந்தது. முகப்பூச்சும் நறுமண நீரும் இட்டு முடித்த பின்னரே நகை அணிதல் வேண்டும். கழற்றும்போது நகையையே முதலில் கழற்ற வேண்டும். நீராடும்போதும், உறங்கும்போதும், சமையல் செய்யும்போதும் அதனை அணியலாகாது. கழற்றியவுடன் உலர்ந்த துணியால் வியர்வையை ஒற்றியெடுத்தால், பல நாள் மெருகு நிலைக்கும். ஒவ்வொரு நகையையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் புகாத பெட்டியில் வைத்தல் நலம். புதுப் பொருள்களின் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலத்தை அதனுள் இடலாம். ரப்பர் வளையத்தால் நகையைக் கட்டி வைக்கலாகாது. ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும்.

இவ்வளவும் செய்தும் பூச்சு ஒருநாள் தேய்ந்தே தீரும். அந்நிலையில் தொழில் அறிந்த கடையில் கொடுத்து மீண்டும் முலாம் பூசுவித்தல் ஒன்றே வழி. வீடு தேடி வந்து நகைக்கு மெருகேற்றித் தருவதாகக் கூறும் அயலாரிடம் எந்த நகையையும் கொடுத்தல் ஆகாது. உப்பு அமிலமும் வெடியுப்பு அமிலமும் கலந்த இராச திராவகம் பொன்னையே கரைத்துவிடும் ஆற்றலுடையது. மெருகேற்றுவதாகச் சொல்லி உண்மையான பொன் நகையை அத்திராவகத்தில் நனைத்து, கரைந்த பொன்னைக் கவர்ந்து செல்லும் வஞ்சகர் உண்டு. திரும்பக் கிடைக்கும் நகை முன்னினும் பளபளக்கும், எடையோ குறைந்திருக்கும். பளபளப்பைக் கண்டு மயங்காமல், அது எதனால் வந்தது என்று கேட்கும் அறிவே பொருளைக் காக்கும்.

பூச்சு நகையை அணிவது இழிவன்று. பொன்னை அணிவதனால் மட்டும் ஒருவர்க்கு உயர்வு வந்துவிடுவதுமில்லை. உழைத்த கூலியில் வாங்கிய சிறு பொருளைச் செம்மையாகப் பேணி, ஐந்தாண்டு உழைக்கச் செய்வது அறிவுடைமை. வலிந்து தேய்ப்பதால் அழுக்கோடு அழகும் போய்விடும். பொருளின் இயல்பை அறிந்து மென்மையாகக் கையாண்டால் அழுக்கு மட்டும் நீங்கும். கவரிங் கம்மல் ஒன்றைத் துலக்கும் சிறு செயலிலும் அறிவியலுக்கு இடம் உண்டு என்பதை இளைஞர் உணர்தல் வேண்டும்.